சப்பாத்து ஒரு சோடி

ஃபஹாஹீலில் வெள்ளிக்கிழமை. அறையில் ஆறு கட்டில்,
மேல்தட்டு என்னுடையது, குளிரூட்டி நேரே முகத்தில்.
கொழும்பிலிருந்து மச்சாள் சிவயோகவல்லி
தொண்டர் காலாட்படையின் பெயர்ப் பதிவேட்டைப்
படம் படமாய் அனுப்புகிறாள்,
ஒரு அரைநாள் லீவுக்கு இருபது பக்கம்.
மேலாளரிடம் பல்வலி என்று சொல்கிறாளாம்.
இதுவரை நாலு பல் போய்விட்டது.

பூட்டன் ஜெர்மன்காரனைச் சுட்டவர்.
எங்கள் வீட்டில் அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.
எந்த ஜெர்மன்காரனை, எங்கே வைத்து என்றால்
பெரியப்பா கோபமாய்ச் சொல்வார்:
"அப்ப நான் பிறக்கேல்லை."

ஆங்கிலத்தின் பதினாறாம் எழுத்தை முழுக்கப் பார்த்தாயிற்று.
பொன்னையா மூன்று, பெரேரா அறுபத்தொன்று,
பீரிஸ், பூபாலபிள்ளை,
இறந்தபின் பதவி உயர்ந்த ஒரு பின்டோ.
பேரம்பலம் இல்லை.

செவ்வாயன்று மந்தூப் என் புதிய பத்தாக்காவைக் கொண்டுவந்தான்.
அரபியில் இருந்ததை எனக்காக உரக்க வாசித்தான்:
ஜூனாசீலான் பீராம்பாலாம்.
குணசீலன் நான். பேரம்பலம் அப்பா,
பூட்டனின் பெயரைச் சுமக்கப் பிறந்த பெயரன்.
அது அந்தப் ப இல்லை என்றேன்.
உதட்டை மூடித் திறந்து, காற்றை ஊதிக் காட்டினேன்.
அவன் சிரித்தான்:
"பெப்ஸியையே நாங்கள் பெப்ஸி என்றுதான் சொல்கிறோம்,
உனக்கென்ன?"

இதை எழுத எனக்கு ஒரே ஒரு ப-தான் உண்டு.
நீங்களே காதால் பிரித்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவு ஸ்டோர் சாவியை ஆணியில் மாட்டும்போது உறைத்தது.
மேசைக்கு அந்தப்பக்கம் ஒரு வெற்றிலை வாய்,
இந்தப்பக்கம் காதால் எழுதும் ஒரு குமாஸ்தா.
"மச்சாள், ரெண்டாம் எழுத்தைப் பார்."
ஐந்தாவது பல்.

இருந்தார்.
பெரம்பலம், கே. சிப்பாய். வயது இருபத்திரண்டு.
உயரம் ஐந்தடி நாலு அங்குலம்.
பயிற்சிக்கு வந்த நாள் பதினொன்று, வராத நாள் முப்பது.
கப்பல் ஏறவில்லை.
சுட்டது தகர இலக்கை, அதுவும் ஆறுக்கு ஒன்று.
கடைசிக் கட்டத்தில் சிவப்பு மை:
சப்பாத்து ஒரு சோடி, திருப்பித் தரவில்லை.
நிலுவை நாலு ரூபாய் ஐம்பது சதம்.

நான் சிரித்த சிரிப்பில்
கீழ்க்கட்டில் மலையாளி எழும்பி லைட்டைப் போட்டான்.
அவனுக்கு எப்படிச் சொல்வது?
ஷுஐபாவில் என் வேலையே இதுதான்.
நானூறு பேருக்குப் பாதுகாப்புச் சப்பாத்து கொடுப்பது,
ஊர் போகிறவனிடம் திரும்ப வாங்குவது,
தராதவன் பெயருக்கு நேரே சிவப்பால் எழுதுவது.
எத்தனை பெயரை நானும் காதால் எழுதியிருக்கிறேன்.

எங்கே போயிற்று அந்தச் சோடி?
புகையிலைக்கு இரவில் இறைக்கையில்
பாம்புக்குப் பயந்து போட்டுக்கொண்டாரா,
கள்ளுக்கடையில் ஈடு வைத்தாரா,
யாரோ மாப்பிள்ளைக்கு இரவல் கொடுத்தாரா.
அரசன் கடனை யாரும் வந்து கேட்டார்களா.
வீட்டில் ஒருவரும் சப்பாத்தைப் பற்றிப் பேசியதில்லை.
ஜெர்மன்காரன்தான் நூறு வருஷமாய்ச் சாகிறான்.
பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வியாழன் மாலை ஹபிபுர் வந்தான். இரவு டாக்கா விமானம்.
ஹெல்மெட், கையுறை, இடுப்புப் பட்டி
ஒவ்வொன்றாய்க் கவுண்டரில் வைத்தான்.
குனிந்து காலைப் பார்த்தேன்.
காலிலேயே இருந்தது,
எண்ணெய்க் கறை துடைத்து, புது நாடா கோர்த்து.
"ஊரில் மழை, பாய்," என்றான்.

சிவப்புப் பேனையின் மூடியைப் பல்லால் கழற்றினேன்.
உன் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டேன்.
மூன்று வருஷமாய் அவனுக்குக் கையுறை கொடுக்கிறவன் நான்.
நடுவில் வருவது எந்தப் ப என்று கேட்டேன்.
அவன் விளங்காமல் பார்த்தான். பிறகு
ஒவ்வொரு எழுத்தாய், மெதுவாய்ச் சொன்னான்.
சொன்னபடியே எழுதி,
புத்தகத்தை அவன் பக்கம் திருப்பினேன்.